கையில் சாவி

விழுப்புரத்தில் பஸ் ஏறி திண்டிவனம் போய்க்கொண்டிருந்தேன். முன்சீட்டு அம்மா மகளிடம், "சாவியைக் கெட்டியா புடிச்சிக்கோ, வுட்டுடாத" என்றாள். அதில்தான் என் காது அங்கே போனது.

அவள் பக்கத்தில் இருந்த நாத்தனார் சொன்னாள்: "வலிப்பு வந்தா இரும்பெல்லாம் குடுக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வையுங்கன்னு டாக்டர் இப்பத்தானே சொன்னாரு, அண்ணி?"

"சொல்வாரு. சாவி இருந்தாத்தான் எனக்குத் தைரியம்."

"அப்பப்ப வெறிச்சுப் பார்ப்பாளான்னு கேட்டாரே, ஏன் இல்லன்னீங்க?"

"அது வலிப்பா? கனாக் கண்டுக்கினு நிப்பா. கூப்பிட்டா காதுல வாங்க மாட்டா, அவங்கப்பா மாதிரி."

"எங்கண்ணனை இழுக்கலன்னா உங்களுக்குப் பொழுது போவாதே! கைகால் உதறாமலும் வலிப்பு வருமாம், அண்ணி. அதுக்குத்தான் கேட்டிருப்பாரு."

அம்மா திரும்பினாள். "பாப்பா... பாப்பா!"

பிள்ளை கண் திறந்தபடி ஜன்னலையே பார்த்தது. இமை மட்டும் துடித்தது. சாவி நழுவி என் காலடியில் விழுந்தது.

கொஞ்சம் பொறுத்து, "என்னம்மா?" என்றது பிள்ளை.

"கண்டக்டர், நிறுத்துங்க! திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போணும். டாக்டர்கிட்ட தப்பா சொல்லிட்டு வந்துட்டேன்."

விக்கிரவாண்டியில் இறங்கி ஓடினார்கள். சாவியை யாரும் தேடவில்லை.