நான்காம் கேள்விக்கு ஒரு சூரியன்

அச்சுப்பலகாரத்தை டுசல்டோர்ஃபிலிருந்து ஹனோவர் வரை ஓர் ஓரம்கூட உடையாமல் கொண்டுவர இந்த மனுசியால் மட்டுந்தான் முடியும். லூர்தம்மா அன்ரி பிஸ்கட் ரின்னைத் திறந்து என் பக்கம் தள்ளியபோது நான் நினைத்தது அதுதான். வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் அவர் வந்த காரியம் வேறு.

அவர் என் தோழி பிறேமாவின் தாய். போன ஒக்டோபரில், ஒரு சனிக்கிழமை முற்பகல், ரின்னை மடியில் வைத்தபடி ரயிலில் என் வீட்டுக்கு வந்திருந்தார். பிறேமாவுக்கு இப்போது இருபத்தேழு வயது. நாலு வருடத்துக்கு மேலாக வீட்டைவிட்டுத் தனியாக எங்கும் போவதில்லை.

"பிள்ளை நிற்றா, ஒருக்கா எங்கடை வீட்டை வாவன். அவளோடை நீ ஒரு கதை கதைக்கோணும்," என்றார்.

என் முழுப்பெயர் அன்ரனிற்றா. நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை விளக்க, 2004ஆம் ஆண்டு ஜூலையில் எழுதிய ஒரு பரீட்சையிலிருந்து தொடங்கவேண்டும். இதை நான் ஒளித்து வைத்திருக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிறேமாவைவிட நான் மூன்று வயது மூத்தவள். அவள் பாடசாலை முடித்ததும் நேரே பௌதிகவியல் படிக்க வந்தாள். நான் ஒரு பல் மருத்துவரிடம் மூன்று வருடம் உதவியாளர் வேலை பழகி, இன்னுமொரு வருடம் அங்கேயே வேலை செய்துவிட்டு வந்தேன். ஆகவே வயதில் மூத்தவள், வகுப்பில் அவளுக்கு ஒரு வருடம் பின்னால். இருந்தாலும் அவளுக்குப் படிப்பித்தவள் நான்தான். நாங்கள் இருவரும் ஹனோவரில் ஒரே வீட்டில், பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் பயிற்சிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வருவாள். எனக்கு அது பிடித்திருந்தது.

முதலாம் வருடத்துப் பௌதிகவியல், வானியல் பரீட்சையில் அவள் இரண்டு முறை தவறியிருந்தாள். மூன்றாவது முறையும் தவறினால் பல்கலைக்கழகத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு ஜேர்மனியில் வேறெங்கும் போய் அந்தப் பாடத்தைப் படிக்கவும் முடியாது. தகப்பன் ஜேசுரட்ணம் அங்கிளும் சொல்லியிருந்தார், இந்த முறையும் இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வா என்று. எனக்கு அது முதல் முறை.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. பரீட்சை முடிந்ததும் கீழ்த்தளத்தில் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். வினாத்தாளையும் விடைத்தாளோடு சேர்த்து வாங்கிவிடுவார்கள் என்பதால் கையில் ஒன்றும் இருக்காது. மற்றவர்கள் ஞாபகத்தில் இருப்பதைச் சொல்வார்கள், நான் சரி பிழை சொல்லி, நூறுக்கு எத்தனை வரும் என்று கணக்குப் போடுவேன். என் கணக்கு மூன்று புள்ளிக்கு மேல் பிசகியதில்லை. எங்களோடு படித்த கார்த்திகன் அதைத் தீர்ப்பு நாள் என்பான். பிறேமாவுக்கு அது விளையாட்டு அல்ல. அங்கிள் வேலை செய்த தொழிற்சாலையில் ஒரு மணிக்கு இடைவேளை. ஒரு மணி ஐந்துக்கு அவளுடைய கைத்தொலைபேசி அடிக்கும். "எத்தினை வரும்?" என்பதுதான் முதல் கேள்வி. அவள் சொல்லும் எண் ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு முன்பே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

அந்தப் பரீட்சை கடினமாக இருந்தது. நான்காவது கேள்வி ஓர் இரட்டை நட்சத்திரத்தைப் பற்றியது. இரண்டு நட்சத்திரங்களுக்கும் இடையே உள்ள தூரம், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல நாலு மடங்கு. ஒன்றையொன்று சுற்றிவர எட்டு வருடம். இரண்டினதும் மொத்தத் திணிவு எத்தனை சூரியனுக்குச் சமம்? நூறு முறை செய்த கணக்கு. பிறேமாவுக்கு நானே சொல்லிக்கொடுத்தது. அன்றைக்கு என் கை ஓடவில்லை. அரை மணி நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெறுமையாகவே கொடுத்தேன்.

கீழே வந்தபோது பிறேமா எனக்காக நின்றாள். அவள் முகத்தை நான் அப்படிக் கண்டதில்லை.

"நிற்றாக்கா, நாலாவதுக்குச் சரியா ஒரு சூரியன் வந்தது. அறுபத்துநாலை அறுபத்துநாலாலை பிரிச்சால் ஒண்டு. வடிவா வெட்டுப்பட்டுப் போச்சு," என்றாள்.

அவள் சொன்ன அந்தக் கணத்தில்தான் எனக்கு முழுக் கணக்கும் தெரிந்தது. நாலின் கனம் அறுபத்துநாலு. எட்டின் வர்க்கம் அறுபத்துநாலு.

"இல்லை," என்றேன். "அது ரெண்டுக்கும் இடையிலை உள்ள தூரம் இல்லை. பொதுமையத்திலிருந்து உள்ள தூரம். நீ அதை ரெண்டு மடங்காக்கியிருக்கோணும். எட்டுச் சூரியன் வரும்."

"அப்பிடியோ போட்டிருந்தது?"

"நீ வடிவா வாசிக்கேல்லை."

இதைப் பொறாமை என்று யாரும் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. எங்களுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. நான் சொல்வேன், அவள் கேட்பாள். அது அன்று சற்று விலகியது. நான் அதை எடுத்து இருந்த இடத்தில் வைத்தேன்.

மற்றக் கேள்விகளுக்கு நான் பொய் சொல்லவே இல்லை. இது முக்கியம். தொலைநோக்கியின் உருப்பெருக்கம் நாற்பது என்றாள். நான் கோப்பியைக் கலக்கினேன்.

"எனக்கும் நாப்பதுதான்," என்றான் கார்த்திகன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "சரி, அக்கா பேசாமல் நிக்கிறா. ரெண்டு பேரும் சேர்ந்தெண்டாலும் ஒருக்காப் பிழை விட்டிருக்கிறம் பிறேமா, ஒற்றுமையாய் இருப்பம்."

அவள் சிரிக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு விடையையும் கேள்வி கேட்பதுபோலச் சொன்னாள். நான் சிலவற்றுக்குப் புருவத்தை மட்டும் உயர்த்தினேன். கடைசியில் எத்தனை வரும் என்று கேட்டாள். முப்பத்துநாலு என்றேன். சித்தியடைய ஐம்பது வேண்டும்.

ஒரு மணி ஐந்துக்குத் தொலைபேசி அடித்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

மருத்துவச் சான்று யோசனை கார்த்திகனுடையது. பரீட்சையன்று சுகமில்லாமல் இருந்ததாக மூன்று நாளுக்குள் சான்று கொடுத்தால் எழுதியது செல்லாமல் போகும், திருத்தவும் மாட்டார்கள். மூன்றாவது வாய்ப்பு அப்படியே மிஞ்சும். பங்குனியில் திரும்ப எழுதலாம். நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். அவளை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். அவள் அழுத அழுகையில் அந்த மருத்துவர் அதிகம் கேட்காமலே எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் பின்னேரம் தபால் பெட்டிக்கு முன்னால் நின்று யோசித்தாள்.

"அக்கா, குடுக்காமல் விடுவமோ? முடிவு வரும் மட்டும் பாப்பமே. எனக்கென்னவோ அந்த ஒரு சூரியன் சரியெண்டுதான் படுது."

அங்கே நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதை மறுக்கவில்லை. "உன்ரை விருப்பம்," என்றேன். "பிறகு என்னைச் சொல்லக்கூடாது."

அவள் கடிதத்தை நீட்டினாள். நானே வாங்கிப் பெட்டிக்குள் போட்டேன்.

எனக்கு எழுபத்தாறு வந்தது. இலையுதிர்காலத்தில் அதே துறையில் மாணவ உதவியாளராக எடுத்தார்கள். விடைத்தாள்களை அடுக்குவது, எண்களைச் சரிபார்ப்பது என் வேலை. திருத்தாத தாள்களுக்கு ஒரு தனிப் பெட்டி இருந்தது. பிறேமாவின் தாள் அதற்குள் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அதை எடுத்துத் திருத்தினேன். பென்சிலால், மெல்லிசாக. எண்பத்துமூன்று வந்தது. மூன்றாம் கேள்வியில் அலகு எழுதாததற்கு ஒரு புள்ளி குறைத்தேன். தெரிந்தவள் என்பதற்காகச் சலுகை காட்டவில்லை.

அப்போதும் காலம் இருந்தது. பங்குனிக்கு முன் அவளிடம் போய், அண்டைக்கு நீ எழுதினது சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். அடைத்து வைத்த தாளைப் பார்த்தேன் என்று நான் சொல்லவேண்டி வரும். என் வேலை போய்விடும். அதற்குப் பதிலாக அவளுக்கு இன்னும் கூடப் படிப்பித்தேன். தினமும் இரண்டு மணி நேரம். கேட்டுப் பாருங்கள், அவளே சொல்வாள்.

பங்குனியில் எழுதினாள். அந்தத் தாளும் என் கையால்தான் அடுக்கப்பட்டது. எல்லாக் கேள்விகளுக்கும் முதலில் சரியாகவே எழுதியிருந்தாள், சுத்தமாக, படிப்படியாக. பிறகு அரைவாசிக்கு மேலானவற்றில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் வேறொரு விடை. கோள் ஒன்றைப் பற்றிய கேள்வியில், எந்தத் தேவையும் இல்லாமல், தூரத்தை இரண்டு மடங்காக்கியிருந்தாள். வெட்டிய விடைக்குப் புள்ளி கொடுக்க முடியாது என்றார் பேராசிரியர். அவர் சொன்னது விதிப்படி சரி. நாற்பத்தாறு.

அங்கிள் வந்து காரில் ஏற்றிக்கொண்டு போனார். அவள் தன் அறையைப் பூட்டினாள். திறந்தாள், திரும்பப் பூட்டினாள். "பூட்டியிட்டனோ அக்கா?" என்று என்னைக் கேட்டாள். பூட்டியிருக்கிறாய் என்று நான் சொன்ன பிறகுதான் படியிறங்கினாள்.

அந்தக் கேள்வி இப்போதும் எனக்குக் கேட்கும். என் கதவைப் பூட்டும்போது, படியில், அவளுடைய குரலில். நான் ஓம், பூட்டியாச்சு என்று சொல்லிவிட்டு இறங்குவேன். அது ஒரு பழக்கம்.

அன்ரி கோப்பியைக் குடிக்காமல் ஆறவிட்டுக்கொண்டிருந்தார்.

"அடுப்பை நிப்பாட்டினனானோ அம்மா எண்டு ஒரு நாளைக்கு இருவது தரம். நிப்பாட்டினனி எண்டு சொன்னாலும் நம்பமாட்டாள். நான் வேலை செய்யிற சலவைக் கடையிலையே அவளுக்கும் வேலை எடுத்துக் குடுத்தார் அவளின்ரை அப்பா. ஒரே சட்டையளை மூண்டு தரம் எண்ணிக்கொண்டு நிண்டால் ஆர் வைச்சிருப்பினம்? தான் எதைச் செய்தாலும் பிழையாத்தான் போகுமாம். டொக்டரும் கதைச்சுப் பாத்திட்டார், பங்குச் சுவாமியும் கதைச்சுப் பாத்திட்டார்."

"மருந்து எடுக்கிறாளோ?"

"எடுக்கிறாள். எடுத்தனானோ எண்டும் கேக்கிறாள்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஆரைப் பற்றியும் நல்லதாச் சொல்லமாட்டாள் பிள்ளை, உன்னைத் தவிர. அண்டைக்கு என்ரை முகத்துக்கு நேரை உண்மையைச் சொன்னது நிற்றாக்கா ஒராள்தான் எண்டு இப்பவும் சொல்லுவாள்."

நாங்கள் இருந்த மேசையில் ஓர் இழுப்பறை உண்டு. பரீட்சைத் தாள்களை ஐந்து வருடம் வைத்திருந்துவிட்டு அழிப்பார்கள். அந்தக் கோடையில் அந்தத் திருத்தாத தாள்களின் பெட்டியை அழிக்க அனுப்பியபோது அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து வந்திருந்தேன். அது அங்கேதான் இருக்கிறது. அன்ரியின் முழங்கை அதற்கு நேர் மேலே ஊன்றியிருந்தது.

"வந்து என்ன சொல்லோணும் அன்ரி?" என்று கேட்டேன்.

அவர் என் கையைப் பிடித்தார். சலவைத்தூளால் தடித்துப்போன கை.

"அண்டைக்கு நீ எழுதினது சரி, நீ கெட்டிக்காரி. இவ்வளவும் சொன்னால் காணும். பொய்யெண்டு எனக்கும் தெரியும் பிள்ளை. பொய்யெண்டாலும் பறவாயில்லை. அவள் மூண்டு தரம் எழுதியும் ஏலாமல் போனவள்தானே. ஆனா நீ சொன்னா நம்புவாள்."

நான் யோசித்தேன். அவசரப்படாமல், எல்லாப் பக்கமும் யோசித்தேன். பிறகு கையை மெதுவாக விடுவித்து, பலகாரம் இளகிப் போகாமல் ரின்னை இறுக்கி மூடினேன்.

"எனக்குப் பொய் சொல்ல ஏலாது, அன்ரி," என்றேன்.