நரிக்குட்டி சொன்ன பன்னிரண்டு சொற்கள்

பணம் கைபேசிக்குள் இருக்காது, அம்மா. அதனால் கைபேசி தண்ணீரில் விழுந்தாலும் பணம் நனையாது. நான் மேடை ஏறும்போது முன்வரிசையில் ஒருவர் கையைப் பிடித்துக் கேட்ட கேள்விக்குப் பதில் இது. அதற்குப் பதில் சொல்லாமல் வணக்கம் சொன்னால் அவர் காதில் வணக்கம் ஏறாது. ஆகவே பதில் முதலில். வணக்கம் இப்போது.

நூறு முகங்களுக்குக் குரல் கொடுத்துவிட்டுத் தன் முகத்தைக் கண்ணாடிக்கு மட்டும் காட்டும் எங்கள் தலைவர் அவர்களே! ராஜாவாகவும் ராட்சசனாகவும் பேசிப் பேசி, வீட்டில் உப்பு கேட்கும்போதும் அதே கம்பீரத்தில் கேட்கும் பெரியவர்களே! அழு என்றால் அழுது, நிறுத்து என்றால் நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு "அடுத்த சீன் என்னப்பா?" என்று கேட்கும் தாய்மார்களே! இந்த டப்பிங் கலைஞர் சங்கத்தின் குரல்களே! உங்கள் குரல்களைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்கிறவள் நான். கேட்பதே தொழில். இன்று ஒருநாள் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரிப்டோ வாலட் பற்றிப் பேசு என்றார் தலைவர். வெளிநாட்டு வீடியோ கேம் நிறுவனங்கள் நம் கூலியைக் கிரிப்டோவில் அனுப்பத் தொடங்கிவிட்டன. அதை வாங்கலாமா, விற்கலாமா, விலை ஏறுமா? எனக்குத் தெரியாது. ஏறும் என்று அடித்துச் சொல்கிறவரிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள். உழைத்து வந்த கூலியை எப்படிக் காப்பது? அது தெரியும். என் அத்தையால் தெரியும்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. உங்களுக்கு 'சுட்டி'. பேரன் எடுத்த வயதில் ஏழு வயதுப் பையனாகப் பேசுகிறவர். கைதட்ட வேண்டாம், அவருக்கு வெட்கம் வரும்... வராது, தட்டுங்கள்!

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மாமா. அச்சகத்தில் இயந்திரம் ஓட்டினார். அந்த இரைச்சல் மெல்ல மெல்ல அவர் செவியைத் தின்றது. அத்தையுடையது ஊர் கேட்ட குரல். உலகம் கேட்ட குரல். ஒரே வீட்டில், ஒரே மேசையில், எதிரே உட்கார்ந்தவருக்கு மட்டும் கேட்காத குரல். ஒரு வெளிநாட்டு விளையாட்டில் நரிக்குட்டியாகப் பேசும் வேலை வந்தபோது அத்தை சொன்னார்: "இந்தக் காசு வந்ததும் உங்க காதுக்கு மெஷின்." மாமா அவர் உதட்டைப் படித்துவிட்டுச் சொன்னார்: "எதுக்கு? நிம்மதியாத்தானே இருக்கேன்."

சிரிக்கிறீர்கள். அத்தை அன்று சிரிக்கவில்லை.

வாலட் என்றால் என்ன? ஒரு செயலி. பணம் இருப்பது ஊரறிந்த பொதுக் கணக்கில். உலகெங்கும் ஆயிரமாயிரம் கணினிகளில் அதன் பிரதிகள். வாலட் வைத்திருப்பது சாவியை. அதில் ஒரு முகவரி வரும், கோணல்மாணலான நீண்ட எழுத்துக் கோவை. அதை யாருக்கும் கொடுக்கலாம். அங்கேதான் பணம் வரும். கூடவே பன்னிரண்டு சொற்கள் வரும். அவற்றை ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது. கைபேசி தொலையலாம், உடையலாம். சொற்கள் இருந்தால் பணம் திரும்பும். சொற்கள் வேறொருவரிடம் போனால்? பணம் அவருடையது. புகார் கொடுக்க மேலாளர் இல்லை. திருப்பித் தர வங்கிக் கிளை இல்லை.

செயலியை அதன் நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தைத் தேடித்தான் இறக்கினேன். யாரோ அனுப்பிய இணைப்பிலிருந்து அல்ல. அத்தையை ஒலிப்பதிவுக் கூண்டுக்குள் உட்கார வைத்தேன். நான்கு சுவர், கனத்த கதவு, எட்டிப் பார்க்க ஒரு ஈ இல்லை. சொற்கள் வந்தால் தாளில் எழுதுங்கள், படம் பிடிக்காதீர்கள், எனக்கும் காட்டாதீர்கள் என்று சொல்லி வெளியே வந்தேன். எத்தனை எச்சரிக்கை! எத்தனை ஏற்பாடு!

கண்ணுக்கு மறைவான அறை. காதுக்கு?

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். ஒத்திகையில் வந்துவிழும் நல்ல மூச்சை இழக்கக் கூடாது என்று ஒரு வழக்கம். கூண்டுக்குள் அத்தை. எதிரே மைக். மைக்குக்குப் பக்கத்தில் எழுதிய சொற்கள். என்ன செய்வார்?

யாரது, "வாசிச்சிட்டாங்களா!" என்று தலையில் கைவைப்பது? நீங்களும் வாசித்திருப்பீர்கள், ஐயா. பேருந்தில் 'படியில் நிற்காதீர்' என்று எழுதியிருந்தால் அதை அழுகையில் ஒருமுறை, ஆத்திரத்தில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிற கூட்டம் இது.

அன்று மாலையே கூலி வந்து சேர்ந்தது. மறுநாள் காலை எடிட்டர் அத்தைக்குப் போன் செய்தார்.

"மேடம், நேத்து ஒரு டேக் புரியல. நரிக்குட்டி சம்பந்தமே இல்லாம பன்னிரண்டு வார்த்தை சொல்லுது. ஆனா என்ன ஃபீல், மேடம்! வெச்சுக்கட்டுமா?"

"ஐயோ, அழிச்சிடுப்பா!"

"எல்லாரும் கேக்கற ஃபோல்டர்ல ஏத்திட்டேனே. அங்க வெளிநாட்டுலகூட கேட்டிருப்பாங்க."

அழித்துவிட்டால் போதாதா? போதாது. கேட்ட காதை யார் அழிப்பது? யார் யார் கேட்டார்கள்? தெரியாது. அந்தத் தெரியாமையே ஆபத்து. புது வாலட் திறந்து, புதுச் சொற்கள் எழுதி, பணம் முழுவதையும் அங்கே மாற்ற வேண்டும். வேறு வழியில்லை.

அத்தைக்கு மனம் வரவில்லை. "நம்ம ஆளுங்கதானே கண்ணு. யாரு எடுக்கப்போறா?"

"எடுக்க மாட்டாங்க அத்தை. ஆனா ஒருநாள் காசு காணாமப் போனா? ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்து, இவனா, அவளான்னு நினைப்பீங்க. நினைக்காம உங்களால இருக்க முடியுமா?"

அத்தை கைபேசியை என் பக்கம் தள்ளினார். பிறகு சொன்னார்: "மாத்திடு. எனக்கு இவங்க எல்லாரும் வேணும்."

அன்பர்களே, இந்த ஒரு வரிக்காகத்தான் நான் மேடை ஏறினேன். ரகசியம் காப்பது பிறரை நம்பாததால் அல்ல. நம்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால்! பூட்டுவது பகையால் அல்ல. பிரியத்தால்!

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். இந்த முறை அத்தை பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதினார். வாய் தானாகத் திறந்துவிடக் கூடாதாம். முதலில் புது முகவரியின் தலையையும் வாலையும், அதாவது முதல் எழுத்துகளையும் கடைசி எழுத்துகளையும், ஒப்பிட்டுப் பார்த்தோம். பிறகு சிறு தொகையை மட்டும் அனுப்பினோம். அது பத்திரமாகச் சேர்ந்தபின் மீதி முழுவதையும் அனுப்பினோம். 'காத்திருக்கிறது' என்றது திரை. வழியில் நெரிசல் இருந்தால் அப்படிக் காட்டும். காத்திருந்தோம்.

அத்தைக்குக் காத்திருக்கத் தெரியாது. நான் தேநீர் போட எழுந்த நேரத்தில், வாலட் பயன்படுத்துவோர் குழு ஒன்றில் தன் போன் எண்ணைப் போட்டு, 'என் பணம் எங்கே?' என்று கேட்டுவிட்டார். நான் திரும்புவதற்குள் போன் வந்தது. தேன் போன்ற குரல். எடுத்து "ஹலோ" என்றவர், என்னைப் பார்த்ததும் ஒலிபெருக்கியில் போட்டார்.

"மேடம், வாலட் உதவி மையத்துலேர்ந்து பேசறேன். உங்க பணம் நடுவுல மாட்டிக்கிச்சு. உடனே விடுவிக்கணும். அந்தப் பன்னிரண்டு வார்த்தையையும் மெதுவா வாசிங்க."

வாசிங்க! யாரிடம் சொல்கிறான் பாருங்கள்! உதவி மையம் எதுவும் உங்கள் சொற்களைக் கேட்காது. கேட்டால் அவன் திருடன். முந்தின நாள்தான் அத்தைக்குச் சொல்லியிருந்தேன். ஆனால் கையில் தாள். எதிரே ஒரு காது. அத்தையின் முதுகு நிமிர்ந்தது. மூச்சை இழுத்தார். அந்த மூச்சு எனக்குத் தெரியும். எத்தனையோ முறை பதிவு செய்திருக்கிறேன். அதன் பின்னால் சொல் வராமல் இருந்ததே இல்லை. மாமாவின் காது, அத்தையின் உழைப்பு, எல்லாம் அந்த மூச்சின் நுனியில். தேநீரை வைத்துவிட்டு நான் கையை நீட்டுவதற்குள் வந்தேவிட்டது. சொற்கள் அல்ல. பையன்!

"அம்மா வீட்ல இல்ல, அங்கிள்."

"தம்பி... இப்பத்தானே மேடம் எடுத்தாங்க?"

"அது டிவி, அங்கிள்."

"பெரியவங்க யாருமே இல்லையா?"

"தாத்தா இருக்காரு. காது கேக்காது. குடுக்கட்டுமா?"

கொடுத்தேவிட்டார்! மாமா வாங்கி, "யாரு? சத்தமா!" என்றார். அவன் கத்தினான். "இன்னும் சத்தமா!" அவன் இன்னும் கத்தினான். "ஒண்ணும் கேக்கலை, நேர்ல வாங்களேன்!" என்றார் மாமா, மனதார. தேன் குரல் தொண்டை கட்டி வைத்துவிட்டுப் போனது. அத்தை தாளை மடித்தார். திரையில் 'வந்து சேர்ந்தது' என்றிருந்தது.

அந்தத் தாள் இப்போது எங்கே? சொல்ல மாட்டேன், எனக்கும் தெரியாது. இரண்டு பிரதி, இரண்டு இடம். இடங்கள் மாமாவுக்கு மட்டும் தெரியும். இன்னொருவருக்குத் தெரியத்தான் வேண்டும். நாம் இல்லாத நாளில் நம் உழைப்பும் நம்மோடு போய்விடக் கூடாது அல்லவா?

அந்தக் கூலியில் வாங்கிய காது மெஷினை மாமா மாட்டிய அன்று அத்தை அவர் எதிரே உட்கார்ந்தார். ஊர் உருகும் அந்தக் குரலில் கேட்டார்: "என் குரல் எப்படிங்க இருக்கு?"

மாமா யோசித்தார். "நல்லாதான் இருக்கும்மா. ஏன் இப்படிக் கத்துற?"

தட்டுங்கள், இப்போது தட்டுங்கள்! பல வருடமாக அவருக்காக உயர்த்திய குரல் அது. அன்றுதான் தாழ்ந்தது.

குரல் கொடுக்கும் குலமே! அழுகையைக் கொடுங்கள். சிரிப்பைக் கொடுங்கள். அரசியாய், அரக்கியாய், ஆந்தையாய், அணிலாய் ஆயிரம் சொற்களை அள்ளிக் கொடுங்கள்! பன்னிரண்டை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். கெஞ்சினாலும், மிரட்டினாலும், மேடம் என்று கொஞ்சினாலும் கொடுக்காதீர்கள். பிழைப்பெல்லாம் பேச்சாகிப்போன நமக்கு, பேசாமலிருப்பதும் ஒரு நடிப்பு. அதையும் நன்றாக நடிப்போம்!

பேச அழைத்த தலைவருக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும், தன் கதையைச் சொல்ல விட்ட அத்தைக்கும், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும் மாமாவுக்கும் என் நன்றி. உங்கள் தொண்டைகள் நலமாக இருக்கட்டும். வணக்கம்.

*

மேடையிலிருந்து இறங்கியவள், பேனாவும் தாளும் கொண்டுவந்தவர்களைச் சங்க அலுவலக அறைக்கு ஒவ்வொருவராக அழைத்துப்போனாள். செயலியை இறக்கிக் கொடுத்தாள். சொற்கள் திரையில் வரும் நேரத்தில் வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.