கொம்பனிக்கு ஒரு தேங்காய்

முள்ளியவளையில் ஏறிய இரண்டு இளம்பெண்கள் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இருந்தார்கள். ஒருத்தியின் மடியில் தேங்காய்.

"கார்ட்டூன் கொம்பனிக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறனெண்டு நேத்தி வைச்ச முதல் ஆள் நீதான்," என்றாள் மற்றவள்.

"வேற என்ன செய்யிறது? காசெல்லாம் தங்கட விளையாட்டுப் பூங்காவுக்கெண்டு சொல்லி, நாங்கள் விரும்பிப் பாக்கிற படத்தின்ர அடுத்த பாகத்தை நிப்பாட்டினவங்கள். நேற்றுத்தான் திரும்ப எடுக்கிறமெண்டு அறிவிச்சவங்கள். இப்பதான் மூச்சு வந்தது."

"பூங்காவும் வேணும்தானே. கனடாவில இருக்கிற எங்கட அண்ணான்ர பிள்ளையள் அவங்கட பூங்காவுக்குப் போய் எவ்வளவு சந்தோசமா வந்ததுகள்."

"போகட்டும். அந்த ராட்டினம் முள்ளியவளைக்கு வராது. படமெண்டால் என்ர போனுக்கே வரும்."

பஸ் தண்ணீரூற்றில் கோயிலடியில் நின்றது. இறங்கும்போது மற்றவள் கேட்டாள்: "பூங்காவுக்கும் சேர்த்து உடைப்பமே?"

"அதை உன்ர அண்ணா அங்க உடைக்கட்டும்."