வாய் விரியாத கொக்கி

இந்த ஸ்டேஷன் நாற்காலியின் பின்கால் வெல்டிங் விட்டிருக்கிறது, ஐயா. யாராவது விழுவதற்குள் மாற்றிவிடுங்கள்.

மாப்பிள்ளை கெட்டவர் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. என் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து மூவரும் ஒரே வீடு, நாங்கள் இருவரும் ஒரே பட்டறை. ஆனால் அவர் சாப்பிடுவதை நீங்கள் பார்த்ததில்லை. சப்புக்கொட்டுவார். பல்லிடுக்கில் சிக்கியதை நகத்தால் நோண்டி எடுத்து, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, மறுபடி வாயில் போட்டுக்கொள்வார். தங்கை சிரிப்பாள். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவேன்.

போன மழைக்காலத்தில் நான் காய்ச்சலில் கிடந்தபோது என் வாந்தியை அவர் வெறுங்கையால் அள்ளினார். முகம் சுளிக்கவில்லை. பிறகு ரொட்டியைப் பிய்த்து எனக்கு ஊட்டினார். அந்த விரல்கள் என் உதட்டில் பட்டன. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

பட்டறையில் பாரம் தூக்கும் கிரேனின் கொக்கியைப் பழுக்கக் காய்ச்சி, அடித்துத்தான் செய்ய வேண்டும். அப்போதுதான் உலோகத்தின் இழை வளைவோடு வளைந்து ஓடும். பாரம் மிஞ்சினால் முதலில் வாய் விரியும். கீழே நிற்பவன் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். அச்சில் ஊற்றிய வார்ப்பிரும்பு அப்படியில்லை. விரியாது, வளையாது, பட்டென்று போய்விடும். அவர் பயந்து சாவதில் எனக்கு விருப்பமில்லை. அதனால் வார்ப்பிரும்பில் ஊற்றினேன். உள்ளே காற்றுக்குமிழ் நிற்கட்டும் என்று அச்சு மணலை ஈரமாகவே விட்டேன். பழைய கொக்கியின் மஞ்சள் பெயிண்டையே அடித்து மாட்டினேன். அங்கே கொக்கிகளைச் சோதிப்பவனும் நான்தான்.

சம்மட்டி இயந்திரத்தின் அச்சுக்கட்டையை, அந்தக் கனத்த இரும்புப் பாளத்தை, கிரேனில் தூக்கும்போது அவர் அடியில் நின்று கையால் திருப்பிவிட வேண்டும்.

"கொக்கி பாத்தாச்சா மச்சான்?" என்றார்.

"பாத்தாச்சு. நில்லுங்க மாப்பிள்ளை."

"நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்."

கொக்கி முறிந்து கட்டை அவர்மேல் விழுந்தபோது சத்தம்கூடப் பெரிதாக இல்லை. கொக்கி உடைந்த இடத்தில் குமிழ்கள் தேன்கூடு மாதிரி தெரிந்தன. அவரைத் திரும்பிப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை; ஏற்கெனவே அருவருப்பாக இருந்தது.

காலையில் தங்கையை இங்கே உள்ளே விட்டீர்கள். திட்டவில்லை. "அவரு உனக்கு என்னண்ணா செஞ்சாரு?" என்று மட்டும் கேட்டாள். அழுததில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. புறங்கையால் துடைத்துவிட்டு, அதே கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நெடுநேரம் விடவில்லை.

எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் சோப்பு கிடைக்குமா?