திங்கட்கிழமை வசூலும் ஆறு ஏக்கர் மாந்தோப்பும்

கொழிஞ்சாம்பாறை வெற்றிவேல் டாக்கீஸ் மேலாளர் திருமிகு ஆறுமுகசாமி அவர்களின் பணி நிறைவு விழாவில், 1979 மே 31 அன்று, ஊழியர்கள் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

திரையரங்கின் தீபமே! திகட்டாத பண்பின் திருவுருவே! முப்பத்தோராண்டு காலம் முதல் மணி ஒலிக்கும் முன்னரே முகப்பில் வந்து நின்ற முன்னவரே! தரை டிக்கெட் எடுத்த தொழிலாளியையும் நாற்காலி டிக்கெட் எடுத்த நிலக்காரரையும் நகைமுகம் மாறாமல் வரவேற்ற நல்லவரே! வெள்ளித்திரை கிழிந்த வேளையில் வீட்டிலிருந்து வெள்ளை வேட்டி கொண்டுவந்து தைத்து ஆட்டத்தை நடத்திய வித்தகரே! கரண்டு போன கணத்தில் கல் பறக்கும் முன்னே கைகூப்பி மேடையேறிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்த கெட்டிக்காரரே! வருக! வணக்கம்!

இதுவரை உங்களை நேரே விளித்தோம். இனிமேல் சற்று நேரம் "அவர்" என்றே சொல்லப்போகிறோம். முகத்துக்கு நேராகச் சொன்னால், "போதுமுங்க, ஆட்டத்துக்கு நேரமாச்சு, மைக்கை அணைங்க" என்று நீங்கள் எழுந்துவிடுவீர்கள் என்பது ஊரறிந்த சங்கதி. யாரோ ஒருவருடைய கதை என்று எண்ணி அமைதியாக உட்கார்ந்திருங்கள். அவர் மனத்தில் ஓடியது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று சபையோர் கேட்கலாம். படம் ஓட்டும் ஆபரேட்டர் யாக்கோபுவுடன் ஒரே அறையில் இருபத்தொரு நாள் தங்கியிருந்தபோது அவரே வாய்விட்டுச் சொன்னவை இவை.

இன்று இதே மேடையில் அமர்ந்திருக்கும் முதலமடை ரத்தினசாமி அவர்கள் முப்பது ஏக்கர் மாந்தோப்புக்குச் சொந்தக்காரராக இருந்தவர். மரம் பூத்ததுமே பூவைப் பார்த்து, இத்தனை லாரிக் காய் என்று சொல்லி விலை பேசும் தொழில். 1973-இல் அவருக்குப் படமெடுக்கும் ஆசை வந்தது. 'புலிமேட்டுப் புதையல்' என்று ஒரு சாகசப் படம். நான்கு லட்சத்தில் முடிப்பதாகத் திட்டம். வண்டிப்பெரியாரில் ஆற்றின் மேல் தொங்குபாலம் கட்டினார்கள். வெள்ளம் வந்து அடித்துப் போனது. மறுபடியும் கட்டினார்கள், கதைப்படி அதைக் கொளுத்த வேண்டுமே! நாற்பத்திரண்டு நாள் விடாத மழை. அத்தனை நாளும் யானை தின்றுகொண்டிருந்தது, கதாநாயகர் உறங்கிக்கொண்டிருந்தார், இருவருக்கும் தினப்படி போய்க்கொண்டிருந்தது. முடிவில் செலவு ஆறு லட்சத்து எண்பதாயிரம். சுவரொட்டியில் "முப்பது லட்சம் செலவில்" என்று அச்சடித்தார்கள். அதைப் படித்து முதலில் பயந்தவர் ரத்தினசாமிதான். கையிலிருந்த இரண்டு லட்சத்து எண்பதாயிரம் போக, மீதி நான்கு லட்சத்துக்குத் தோப்பு முழுவதும் அடமானத்தில் இருந்தது.

1974 பிப்ரவரியில் படம் வந்தது. கோவையில் ஒரே வாரத்தில் படப்பெட்டி திரும்பியது. பொள்ளாச்சியில் அந்த ஒரு வாரமும் இல்லை. ரத்தினசாமி கைக்கு வந்து சேர்ந்தது மொத்தம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அந்த நிலையில்தான் படம் நம் கொட்டகைக்கு வந்தது. அதே வாரம் விநியோகஸ்தர் ஒருவர், படத்தை எல்லா உரிமையோடும் இரண்டு லட்சத்துக்கு மொத்தமாக வாங்கிக்கொள்வதாகவும், செவ்வாய்க்கிழமை காலைக்குள் பதில் வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். விற்றால் பாதித் தோப்புக்கு மேல் நிச்சயம் மிஞ்சும். விற்காமல் வைத்திருந்து படம் ஓடினால் முழுத் தோப்பும் மீளும். ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் மேலாளருக்கு ஒரு கணக்கு உண்டு. வெள்ளிக்கிழமை வருகிறவன் ஆவலில் வருவான், சனி ஞாயிறு வருகிறவன் ஓய்வில் வருவான், திங்கட்கிழமை வருகிறவன்தான் படத்துக்காக வருகிறவன் என்பார். திங்கட்கிழமை வசூலைப் பார்த்து அவர் சொன்ன சொல் இருபத்தாறு ஆண்டில் ஒருதரமும் பொய்த்ததில்லை. புதையல் படத்துக்கு வெள்ளி அறுநூற்றுப் பத்து ரூபாய், சனி ஐந்நூற்று நாற்பது, ஞாயிறு எழுநூறு. திங்கட்கிழமை பகல் முழுவதும் அவர் பாலக்காட்டில் வரி அலுவலகத்தில் காத்துக் கிடந்தார். அந்தி சாயும் நேரம் திரும்பி வந்தபோது மாலைக் காட்சி நடந்துகொண்டிருந்தது. மேசைமேல் தினவசூல் தாள் இருந்தது. இரண்டு காட்சிக்கும் சேர்த்து ஆயிரத்து நூற்று முப்பது!

ஞாயிற்றுக்கிழமையைத் திங்கட்கிழமை மிஞ்சியதை அவர் அதற்குமுன் கண்டதே இல்லை. அறையில் காத்திருந்த ரத்தினசாமியிடம் தாளை நீட்டினார்.

"அண்ணா, பெட்டியை விக்காதீங்க. இது ஓடுமுங்க."

"பூவைப் பாத்துக் காய் சொல்ல எனக்குத் தெரியுமுங்க. திங்கக்கெழமையைப் பாத்துப் படத்தைச் சொல்ல உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொன்னாச் சரிங்க" என்றார் ரத்தினசாமி. மறுநாள் காலை தபால் ஆபீஸ் திறந்ததும், விற்பதற்கில்லை என்று தந்தி போய்விட்டது.

பெண்கள் டிக்கெட் அறையில் இருக்கும் கமலாத்தாள் அன்று பத்து மணிக்கு வேலைக்கு வந்தார். மேலாளர் வாயெல்லாம் சிரிப்பாக இருப்பதைக் கண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஏனுங்க, நேத்து வந்தவங்க ஒருத்தருகூடப் படத்துப் பேரைக் கேக்கலீங்க. எப்ப முடியும்னுதான் கேட்டாங்க. பட்டுச் சேலையோட தரை டிக்கெட்டு வாங்கறாங்க. என்னன்னு பாத்தா, முகூர்த்தத்துக்கு வந்த சனமுங்க. பொள்ளாச்சிப் பஸ்ஸு மத்தியானத்துல இருந்து ஓடலையாமா. ஊடு போய்ச் சேர வழியில்லாம, பஸ்ஸு வர்ற வரைக்கும் பேனுக்கடியில உக்காரலாம்னு வந்தாங்க."

பாலக்காட்டுப் பஸ் ஓடியது. அதில் போய் அதில் வந்தவருக்குப் பொள்ளாச்சிப் பஸ் நின்றது தெரியவில்லை. ஆயிரத்து நூற்று முப்பது ரூபாயும் படத்துக்கு வந்த வசூல் அல்ல, மின்விசிறிக்கு வந்த வசூல். அன்று மதியக் காட்சிக்கு வந்தது நூற்றுப் பத்து ரூபாய்.

அவர் அப்படியே முதலமடைக்குப் பஸ் ஏறினார். மாற்றித் தந்தி அடித்தும் விநியோகஸ்தர் இனி வேண்டாம் என்றுவிட்டார். தோப்பில் நின்று, "தப்பு என்னோடதுங்கண்ணா. தாளைப் பாத்தேன், ஆளைப் பாக்கலீங்க" என்று சொன்னபோது ரத்தினசாமி ஏசுவார், குறைந்தது முகத்தையாவது திருப்பிக்கொள்வார் என்று எதிர்பார்த்தார். ரத்தினசாமி ஒரு பழத்தை அறுத்து நீட்டினார். அதை வாங்க அவருக்குக் கை எழவில்லை.

வழி காட்டியவர் யாக்கோபு, வண்டிப்பெரியார் எஸ்டேட்டில் பிறந்தவர். "அண்ணாச்சி, பாலத்துல தீப்பிடிச்சதும் சனம் ஓடுதுல்லா, அதெல்லாம் நம்ம எஸ்டேட்டு ஆளுக. ஆயிரம் பேரு ஓடியிருக்காவ. ஒருத்தரும் இன்னும் படத்தப் பாக்கல. படுத்த படம்னு பெட்டிய அங்க யாரும் கொண்டுபோகல" என்றார்.

மேலாளர் வாழ்நாளில் எடுத்த ஒரே நீண்ட விடுப்பு அதுதான். பெட்டியைத் தாமே சுமந்து யாக்கோபுவுடன் மலையேறினார். கூடவே ரத்தினசாமியும் வந்தார். வண்டிப்பெரியாரில் இருபத்தொரு நாள்! திரையில் தேயிலைக் கூடையோடு இடப்பக்கம் ஓடும் செபமாலையம்மாள் தம்மைப் பார்க்க நான்குதரம் வந்தார். முதல் தரம் பார்த்தது தாம்தானா என்று சந்தேகமாம். அந்த இடம் வரும்போதெல்லாம் கொட்டகை ஆளாளுக்குப் பெயர் சொல்லிக் கூவியது. கதாநாயகர் பேசியது யார் காதிலும் விழவில்லை. தாளை விட்டுவிட்டு, வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து அனுப்பினார் நம் மேலாளர். பிறகு ஐந்து மாதம் மலைநாட்டின் சின்னச் சின்ன ஊர்களில் எல்லாம் படம் சுற்றிவந்தது. ரத்தினசாமி பங்காகக் கிடைத்தது ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

பெரிய தொகைதான். ஆனாலும் இரண்டு லட்சம் அல்ல. மீதிக் கடன் ஒன்றரை லட்சத்துக்கு ஈடாகப் பதினைந்து ஏக்கர் கைமாறியது. மொத்த விலைக்கு விற்றிருந்தால் ஒன்பதோடு போயிருக்கும்.

மறுவருடத்திலிருந்து ஒவ்வொரு மாம்பழக் காலத்திலும் ரத்தினசாமி வீட்டிலிருந்து நம் கொட்டகைக்கு ஒரு கூடை பழம் வருகிறது. மேலாளர் தம் கையாலேயே பங்கு போடுவார். போஸ்டர் ஒட்டுகிறவர் முதல் சோடாக் கடைக்காரர் வரை எல்லாருக்கும் உண்டு. தாம் மட்டும் தொட்டதில்லை. ஒரு வருடம் "எனக்குச் சூடுங்க" என்றார். அடுத்த வருடம் பல் கூச்சம். அதற்கடுத்து இரண்டு வருடமும் சர்க்கரை. நாங்களும் நம்பி, அவருக்குத் தேநீரில் சீனி போடாமல் கொடுத்து வதைத்தோம்.

சென்ற வாரம் பொறுப்பு ஒப்படைக்க அறையை ஒழுங்குபடுத்தியபோது, மேசைக் கண்ணாடிக்கு அடியில் மஞ்சளித்த ஒரு தாள் கிடைத்தது. அந்தத் திங்கட்கிழமையின் தினவசூல் தாள். ஓரத்தில் சிவப்பு மையில் அவர் கையெழுத்தில் "6 ஏக்கர்" என்று எழுதியிருந்தது. ஐந்து வருடமாக அதன்மேல் கைவைத்துத்தான் எங்களுக்கெல்லாம் சம்பளம் எண்ணிக் கொடுத்திருக்கிறார்.

தாளை முதலமடைக்கு எடுத்துப்போய் ரத்தினசாமி அவர்களிடம் காட்டினோம். பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்.

"இந்த மனுசன் கணக்குல பாதியை உட்டுட்டாருங்க. ரெண்டு லட்சம் தர்றேன்னு சொன்ன ஆளு எம்படத்தை ஓட்டறதுக்குக் கேக்கலீங்க. யானையையும் பாலத்தையும் வெட்டியெடுத்து வேற படத்துல ஒட்டறதுக்குங்க. மிச்சம் குப்பைக்கு. எனக்கு அது பின்னாலதான் தெரிஞ்சுது. இவுரு தப்புச் சொன்னதுனால எம்படம் முழுசா இருக்குது. வண்டிப்பெரியார்ல சனத்தோட உக்காந்து இருவத்தியொரு நாளும் பாத்தேனுங்க. ஆறு ஏக்கரா பெருசுதானுங்க, இல்லைங்கல. ஆனாக் குடுத்தது நானுங்க. அவருக்கு என்னங்க அதுல கவலை?"

ஆதலால், அன்பு நிறைந்த மேலாளர் அவர்களே, இனி மறுபடியும் உங்களையே விளிக்கிறோம். தாளை உங்களிடம் திருப்பித் தரமாட்டோம். அது ரத்தினசாமி அவர்களின் பையில் இருக்கிறது. மேடையில் கூடை இருக்கிறது. தட்டில் ஒரு பழம் அறுத்து வைத்திருக்கிறது, அறுத்தவர் அவர்தான். உங்களுக்குச் சர்க்கரை இல்லை என்று டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துவிட்டோம். பல்லைப் பற்றி இந்தச் சபையில் பேச வேண்டாம்.

உங்கள் வாசலில் எந்நாளும் வண்டி நிற்கட்டும், வயிற்றில் பசி குன்றாதிருக்கட்டும், திங்கட்கிழமைகள் எல்லாம் இனி உங்கள் வீட்டாருக்கே ஆகட்டும், நூறு மாம்பழக் காலம் கண்டு நோயின்றி வாழ்க என்று நெஞ்சார வேண்டுகிறோம். இம்மடலைச் சட்டமிட்டுத் தர ஆள் வெளியே காத்திருக்கிறார். ஆனால் எங்களில் ஒருவரும் இன்னும் ஒப்பமிடவில்லை. நீங்கள் தின்று முடித்துக் கொட்டையைத் தட்டில் வைத்த பிறகுதான் பேனாவைத் திறப்போம்.

இவ்வண்ணம்,
தட்டையே பார்த்தபடி நிற்கும்
வெற்றிவேல் டாக்கீஸ் ஊழியர்கள்,
கொழிஞ்சாம்பாறை.