ஜுஹைனா எழுதிய ஒரு வரி

சாரல் பிடித்துவிட்டால் தென்காசியில் துவைத்த சட்டை காய மூன்று நாள் ஆகும். அதனால்தான் இப்படி ஈர வாடையடிக்க ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்திருக்கிறேன், சார். தப்பாக நினைக்க வேண்டாம்.

இசக்கி சொன்னது சரிதான். அந்தப் போனில் பேசியது நான்தான். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

குற்றாலத்தில் அய்யாத்துரை அண்ணாச்சியின் ரிசார்ட்டுக்குள் ஒரு சிற்றருவி விழுகிறது. மேலே தண்ணீர் ஏறினால் கீழே சைரன் அடிக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது எங்கள் கம்பெனி. எப்போது அடிக்க வேண்டும் என்ற விதிகள் லிஸ்ப் என்ற கணினி மொழியில் இருந்தன. அவற்றைப் படித்து நடத்துகிற இன்டர்பிரட்டர் என்ற குட்டி புரோகிராமை ஜுஹைனா தனியாளாக எழுதியிருந்தாள். நாலாயிரம் வரி. இருபத்தாறு வயது அவளுக்கு. தினமும் சுரண்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போவாள்.

அது ஓடிய பழைய எலக்ட்ரானிக் போர்டு சந்தையில் வருவது நின்றுவிட்டது. இன்டர்பிரட்டரைப் புது போர்டுக்கு மாற்றுகிற வேலை என்னிடம் வந்தது. இருபத்திரண்டு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆனாலும் அதன் உள்வேலையில் ஓரிடம் பிடிபடவில்லை. அவளிடமே கேட்டேன்.

போர்டில் மெமரி கொஞ்சம். அதனால் வேண்டாததை இன்டர்பிரட்டர் அவ்வப்போது கழித்துப் போட வேண்டும். எது வேண்டும் என்று பார்க்க ஸ்டாக் என்ற ஒரே இடத்தில்தான் அது தேடும். ஆனால் வேலையில் இருக்கும் சில விஷயங்கள் சிப்புக்குள்ளேயே, ரிஜிஸ்டரில் இருக்கும். கழிப்பதற்கு முன் அவற்றையும் ஸ்டாக்குக்குக் கொண்டுவர ஒரு வரி வேண்டும். புது போர்டுக்கு அந்த வரியைப் புதிதாக எழுத வேண்டும்.

"அது இல்லன்னா உயிரோட இருக்குததையும் செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டுரும், சார்," என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "மூணாவது தடவ சொல்லுதேன். பரவால்ல, புரியுத வரைக்கும் கேளுங்க."

பக்கத்து மேஜைக்காரர்களுக்கும் அது கேட்டது.

மரியாதையில்லாமல் பேசிவிட்டாள் என்று நான் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னாள். அந்த வரியை அவளே எழுதியும் கொடுத்தாள். சோதித்தேன், சரியாக ஓடியது. பிறகு அந்த வரியை எடுத்துவிட்டேன். அண்ணாச்சி பார்க்க வரும் நாளில் இன்டர்பிரட்டர் ஒரு தடவை தடுமாற வேண்டும், அவளும் தவறுவாள் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம். ஆனால் அன்று கழிக்கிற முறை வரவில்லை, சைரன் ஒழுங்காக அடித்தது. எல்லோரும் அவளுக்குக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பதினோரு நாள் கழித்து, மத்தியானம் மூன்று மணிக்கு, சென்சாரைச் சரிபார்க்க அவள் அருவிக்கு இறங்கினாள். துணைக்கு வாட்ச்மேன் இசக்கி. நான் மேலே அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் மட்டம் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. சைரன் அடிக்கவில்லை. மெமரியைத் திறந்து பார்த்தேன். சைரன் விதியை இன்டர்பிரட்டர் கழித்துப் போட்டிருந்தது. நான் கணித்தபடியே நடந்திருந்தது. அந்த உள்வேலை எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த நேரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது.

"சார், இங்கன அருவிச் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்கு. சைரன் அடிக்கலைல்லா?"

"அடிக்கல," என்றேன்.

"அப்போ முடிச்சிட்டே வாரோம்."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறி வா என்று சொல்லியிருந்தால் வந்திருப்பாள். ஏன் அடிக்கவில்லை என்று பார்த்திருப்பாள். இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பாள். அவ்வளவு கெட்டிக்காரி.

வெள்ளத்தில் இசக்கிக்குப் பிடிக்க ஒரு மரவேர் கிடைத்தது. அவளை மறுநாள்தான் எடுத்தார்கள்.

அன்று சாயங்காலமே அந்த வரியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். இப்போது சைரன் ஒரு தடவைகூடத் தவறுவதில்லை. புரோகிராமில் எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னார் மேனேஜர். நான் சம்மதிக்கவில்லை. ஜுஹைனா என்றே இருக்கிறது, நீங்கள் பார்க்கலாம். அடுத்தவர் உழைப்பில் பெயர் வாங்குகிற ஆள் நான் இல்லை, சார்.