கறைப் பக்கம் இடம் மாறுது

— இன்னொரு தடவை சொல்லு. அந்த இஸ்திரி மெஷின் சத்தத்துல சரியா காதுல விழலை.

— உன் கறைப் பக்கத்தை ரெடிமேட் இணையதளத்துக்கு மாத்திடலாம்னேன், அக்கா. இன்னைக்கே.

— விழுந்துச்சு. நம்ப முடியாமத்தான் மறுபடி கேட்டேன்.

— அவ்வளவுதான் விஷயம். நீ சரின்னு சொன்னா உட்கார்ந்து முடிச்சிடுவேன்.

— ஏண்டா, பேசறது நீதானா? பத்து வருஷம் முன்னாடி இதே கவுன்ட்டர்ல ஏறி உட்கார்ந்துக்கிட்டு, “கண்ட தளத்துல எல்லாம் எழுதாதே அக்கா, உனக்குன்னு ஒரு பிளாக் சாஃப்ட்வேர் நானே எழுதித் தர்றேன்”னு குதிச்சது யாரு?

— நான்தான்.

— ரெடிமேட் சட்டை எல்லாருக்கும் சுமாரா இருக்கும், யாருக்கும் சரியா இருக்காதுன்னு சொன்னது?

— அதுவும் நான்தான். நல்லாத்தான் சொல்லியிருக்கேன்.

— என்னங்க! அதை அணைச்சிட்டு இங்க வாங்க. உங்க அருமை மச்சான் என்னமோ சொல்றான். நீங்களும் கேட்டுக்கோங்க, அப்புறம் என்கிட்ட யாருமே சொல்லலைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க.

— வந்துட்டேன், வந்துட்டேன். என்ன மச்சான், என்னவாம் உங்க அக்காவுக்கு?

— ஒண்ணுமில்லை மாமா. அக்கா எழுதறதை எல்லாம் நான் கட்டின சாஃப்ட்வேர்லேர்ந்து எடுத்து, ஊர்ல எல்லாரும் எழுதற இடத்துல வைக்கலாம்னேன்.

— நான் அப்பவே சொன்னேன்! சொன்னேனா இல்லையா? ஊரோட ஒத்துப் போயிட்டா தலைவலி இல்லைன்னு முதல் நாளே சொன்னேன். சலவைக்கடைக்காரிக்கு எதுக்குத் தனி ராஜாங்கம்? அக்காவும் தம்பியுமா சேர்ந்துக்கிட்டு என்னை என்னவோ விவரம் கெட்டவன் மாதிரி பார்த்தீங்க.

— பார்த்தது சரிதான். நீங்க சும்மா இருங்க.

— நீதானேம்மா கூப்பிட்டே?

— கேட்கத்தான் கூப்பிட்டேன், பேசறதுக்கு இல்லை. டேய், எனக்கு ஒரு காரணம் சொல்லு. நான் ஒத்துக்கற மாதிரி ஒரு காரணம்.

— அங்க எல்லாம் தயாரா இருக்கு. போட்டோ போடலாம். கைபேசில நல்லாத் தெரியும். பழுதானா பார்க்க ஆள் இருக்காங்க.

— நான் எழுதறது கறையைப் பத்தி. வெள்ளைச் சட்டையில மை கொட்டிடுச்சு, பால் வச்சு எடு. சோபா உறையில மெழுகு உருகிடுச்சு, காகிதம் போட்டுத் தேய். இதுக்கு எதுக்கு அவ்வளவு ஜோடனை?

— ஜோடனை வேண்டாம்னா அதை எடுத்துடலாம்.

— விளம்பரம் வருமாமே? எதிர்க்கடை தையல்காரம்மா சொல்லுச்சு. நான் மேல “இந்தத் தூளைத் தயவுசெஞ்சு பட்டுக்குப் போடாதீங்க”ன்னு எழுதுவேன். கீழ அதே தூள் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கும். நல்லாவா இருக்கும்?

— கட்டணம் கட்டிட்டா விளம்பரம் வராது. அதை நான் பார்த்துக்கறேன்.

— சரி, ‘ஊறவை’ பொத்தான் இருக்குமா அங்க?

— இருக்காது.

— அதென்ன பொத்தான் மச்சான்? இத்தனை வருஷத்துல நான் கேள்விப்பட்டதே இல்லையே.

— அக்கா கோபத்துல எதையாவது எழுதினா உடனே வெளியில போகாது, மாமா. ராத்திரி முழுக்க உள்ளயே வச்சிருக்கும். காலையில, “இதைப் போடட்டுமா அக்கா?”ன்னு ஒரு தடவை கேட்கும்.

— அக்கான்னேவா கேட்கும்?

— அக்கான்னேதான் கேட்கும். பின்னே, மேடம்னா கேட்கும்? இவன்தானே எழுதினான். இதோ பாருங்க, அந்த வக்கீல் தன்னோட கருப்புக் கோட்டை நாமதான் பொசுக்கிட்டோம்னு வந்து குதிச்சாரே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு ராத்திரி அந்த ஆளைக் கிழி கிழின்னு கிழிச்சு எழுதினேன். காலையில அது கேட்டுச்சு. படிச்சுப் பார்த்தேன், எனக்கே வெட்கமாப் போச்சு. அழிச்சிட்டேன். அது மட்டும் வெளியில போயிருந்தா நீங்களும் நானும் கோர்ட்டு வாசல்ல நின்னிருப்போம்.

— அடேங்கப்பா. வீட்டுக்கு ஒண்ணு அந்த மாதிரி செஞ்சு தர முடியுமா மச்சான்? வாய்க்கு மாட்டற மாதிரி?

— சிரிக்காதடா அவர் சொல்றதுக்கு. என்னைப் பாரு. இந்தப் பொத்தான் வேணும்னு நான் உன்கிட்ட கேட்கவே இல்லை. நீயா யோசிச்சு செஞ்சே. என் கோபம் எவ்வளவு நேரத்துல ஆறும்னு தெரிஞ்சவன் செஞ்சது அது. உன் ரெடிமேட் கம்பெனிக்காரனுக்கு என் கோபத்தைப் பத்தி என்னடா தெரியும்?

— தெரியாதுதான். நீயே ராத்திரி எழுதி வச்சிட்டு காலையில போடு. பொத்தான் பண்றதும் அதைத்தானே.

— வாங்க சார். எந்தக் கோட்டு? ஓ, அந்த சாம்பல் கலரா? காலர் இன்னும் காயலை சார். நாளைக்கு சாயங்காலம் வாங்க, கையில தந்துடறேன். இல்லை சார், கறை போயிடுச்சு, சத்தியமா போயிடுச்சு. ஈரத்தோட கொடுத்தா வாடை வரும், அதுக்குத்தான். சரிங்க சார். என்னங்க, அந்தக் கோட்டை முன்னாடி எடுத்து மாட்டி வைங்க, நாளைக்கும் இதே பாட்டுப் பாட முடியாது என்னால.

— மாட்டிடறேன். நீ விஷயத்துக்கு வாம்மா. மச்சான் சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்லையே. எழுத்து எங்க இருந்தா என்ன? படிக்கறவன் படிக்கப் போறான்.

— படிக்கறவங்களைப் பத்தித்தான் கேட்கப் போறேன். டேய், ஓரத்துல எழுதுவாங்களே, அதெல்லாம் வந்துடுமா?

— எது?

— எதுன்னா? ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்துல வாசகருங்க எழுதறதுடா. கீழ கொண்டுபோய் மொத்தமாக் கொட்டாம, எந்த வரியைப் பத்திச் சொல்றாங்களோ அந்த வரிக்குப் பக்கத்துலயே நிக்குமே.

— ஆமா, ஓரம். பதிவு எல்லாமே வந்துடும் அக்கா. ஓரத்துல எழுதினது வராது. அங்க அதை வைக்க இடம் கிடையாது.

— அப்போ கப்பல்ல சமைக்கற அண்ணன் எழுதினது?

— வராது.

— துருக்கறைக்கு நான் சொன்னது தப்புன்னு நிறுத்தி நிதானமா எழுதி, நடுக்கடல்ல உட்கார்ந்து தன் சட்டையிலயே செஞ்சு பார்த்து படம் போட்டாரே, அதுவுமா?

— அதுவும்தான்.

— குழந்தையோட முதல் சட்டையைத் துவைக்கவே மனசு வரலைன்னு எழுதுச்சே ஒரு பொண்ணு? அதுக்குக் கீழ எத்தனை பேர் எழுதினாங்க? பதிவுல நான் எழுதினது நாலு வரி. அந்த ஓரம்தான் அந்தப் பக்கமே. அது இல்லைன்னா என்கிட்ட இருக்கறது வெறும் துவைக்கற குறிப்புடா. எந்தத் தூள் பொட்டலத்துக்குப் பின்னாடி திருப்பினாலும் அது இருக்கும்.

— தெரியும்.

— தெரிஞ்சும் சொல்றியா?

— தெரிஞ்சுதான் சொல்றேன். இப்போ மாத்தினா பதிவாவது மிஞ்சும். பின்னாடி மாத்தலாம்னா அதுவும் கிடைக்காது.

— மாட்டேன். போ. அது ஓடற வரைக்கும் ஓடட்டும்.

— இங்க பாரு மச்சான், அவ முரண்டு பிடிச்சா எதுவும் நடக்காது. நீ ஏன் திடீர்னு இப்படி ஒத்தைக் கால்ல நிக்கறே? அதைச் சொல்லு முதல்ல. புதுசா ஏதாவது வேலையா? கல்யாணம் கில்யாணம்?

— அதெல்லாம் ஒண்ணும் இல்லை மாமா.

— என் மேல கோபமாடா? அந்தத் தேடல் பெட்டி விஷயத்துல நான் சிரிச்சேன்னா?

— எந்த விஷயம்?

— போன மாசம்டா. பழைய பதிவைத் தேட ஒரு பெட்டி வை, ஆளுங்க கேட்கறாங்கன்னு சொன்னேன். நீ வச்சே. அடுத்த வாரம் பார்த்தா ரெண்டு பெட்டி. அதுக்கு அடுத்த வாரம் மூணு. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வரிசையா நிக்குது.

— எனக்கு ஞாபகம் இருக்கு. நான்கூட சொன்னேன்ல, ஒண்ணுல கிடைக்கலைன்னா அடுத்ததுல தேடிக்கட்டும்னு. உங்க அக்கா அன்னைக்கு விழுந்து விழுந்து சிரிச்சா மச்சான்.

— இப்போ எத்தனை இருக்கு?

— ஒண்ணுதான். ரெண்டை நீதான் எடுத்தே. ஏண்டா, அதுக்கா இவ்வளவு ரோஷம்? கூடப்பிறந்தவ சிரிக்கக்கூடாதா?

— ரோஷம் இல்லை அக்கா. நல்லா சிரி.

— சரி, நான் ஒரு வழி சொல்றேன், ரெண்டு பேரும் கேளுங்க. மச்சானுக்கு இதைப் பார்த்துக்க நேரமில்லை, அதானே? உன் ஆபீஸ்ல கூட வேலை பார்க்கறவங்க யார்கிட்டயாவது கொடுத்துடு. அவங்க பார்த்துக்கட்டும். இவளுக்கு ஓரமும் இருக்கும், பொத்தானும் இருக்கும்.

— நான் ஆபீஸ் போறதில்லையே மாமா.

— போறதில்லைன்னா?

— ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. வீட்லயே இருக்கச் சொல்லிட்டாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க.

— வேலை போயிடுச்சா? ஏண்டா, இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லவே இல்லை?

— சொன்னேன்னு நினைச்சேன்.

— எங்ககிட்டயா? எப்போ?

— தெரியலை. சொன்னேன்னு நினைச்சேன், அக்கா.

— சரி விடும்மா, அவனைப் போட்டுக் குடையாதே. மச்சான், இப்படி வந்து இந்த ஸ்டூல்ல உட்காரு. தண்ணி குடிக்கறியா?

— நல்லாத்தான் இருக்கேன் மாமா. நின்னுக்கறேன்.

— உட்காருடா, நின்னு என்ன சாதிக்கப் போறே? வேலை போனா போகட்டும், அவங்களுக்குக் கொடுத்து வைக்கலை. ஒரு வழியா எனக்கு இப்போ நிம்மதி. நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன். நீ தினம் இங்க வா. பின்னாடி அந்தத் துணி மூட்டை இருக்கற ரூமைக் காலி பண்ணித் தர்றேன். மேசை போட்டுக்கோ. என் பக்கத்தை நீயே பார்த்துக்கோ, உனக்கும் பொழுது போகும். அப்புறம் எதுக்கு இன்னொருத்தன் வீட்டு வாசல்ல போய் நிக்கணும்?

— எனக்கும் அது சரின்னு படுது மச்சான். நான் அப்பவே சொன்னேன்னு சொன்னதெல்லாம் வாபஸ். வெளியில ஆயிரம் இருக்கட்டும், உன்னை மாதிரி இவளுக்குன்னு பார்த்துப் பார்த்து செய்ய மாட்டான் எவனும்.

— அங்க எந்நேரமும் ஆள் இருப்பாங்க மாமா. ஒருத்தன் இல்லைன்னா இன்னொருத்தன்.

— இங்கதான் நீ இருக்கியேடா.

— இருக்கேன்.

— இருக்கேன்னா அதை ஏன் அப்படிச் சொல்றே? எனக்கு இப்போ மறுபடி பயமா இருக்குடா. எதையோ சுத்திச் சுத்தி வர்றே நீ. பத்து வருஷமா ஒவ்வொரு வரியா நீ எழுதினது. வேற யாரும் கையை வைக்கலை. உனக்குத் தெரியாதது அதுல என்ன இருக்கு?

— நேத்து காலையில அதைத்தான் பார்க்கத் திறந்தேன். அந்த ஓரத்தையும் எப்படியாவது எடுத்துட்டுப் போயிடலாம், உனக்குப் பிடிக்குமேன்னு.

— சரி, பார்த்து?

— சாயங்காலம் வரைக்கும் படிச்சேன். நல்லா சுத்தமா எழுதியிருக்கு அக்கா. ஆனா எது எதுக்குன்னு ஒரு இடம்கூட பிடிபடலை. எழுதின ஆளையே கேட்டுடலாம்னு மேல முதல் வரிக்குப் போய் பேரைத் தேடினேன். என் பேர் போட்டிருந்துச்சு.